பன்றிக் காவலர் லெமுவல்

எங்கள் ஹால்ஃபோர்டில் புதுசாகக் கல்யாணம் ஆன எந்த ஆம்பளையும் ஒரு விஷயத்திலிருந்து தப்ப முடியாது. மார்ச் மாதம் வேதக் கோயிலில் ஊர்க்கூட்டம் கூடும். வரி, பாதை, பாலம் எல்லாம் பேசி முடித்து, பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்ததும், பின் பெஞ்சிலிருந்து எவனாவது எழுந்து புது மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லுவான். எதற்கு? பன்றிக் காவலர் பதவிக்கு. அடுத்தவன் சோளக்கொல்லையில் புகுந்த பன்றியைத் துரத்திப் பிடித்து, மூக்கில் வளையம் மாட்டி, உரியவனிடம் சேர்க்க வேண்டும். நேற்றுவரை புதுத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாய்ப் பெண்டாட்டி கையைப் பிடித்து நடந்தவன், இன்றைக்குச் சேற்றில் பன்றியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்காகவே வைத்திருக்கும் பதவி அது.

லெமுவல் ஸ்டாடுக்கு அறுபத்தொரு வயசாகியும் அந்தப் பதவி வாய்க்கவில்லை. ஊருக்கெல்லாம் செருப்பு தைக்கிறவர், கோயில் மணி அடிக்கிறவர். நல்ல மனுஷன், ஆனால் ஒண்டிக்கட்டை. ஒவ்வொரு மார்ச்சிலும் யாராவது அவரைச் சீண்டாமல் இருக்க மாட்டார்கள்.

"என்ன லெமுவல், இந்த வருஷமும் பன்னிங்களுக்குக் கொடுத்து வைக்கலையா?"

"பன்னிங்க தப்பிச்சுது, நீ உன் வேலையப் பாரு" என்பார். முகம் மட்டும் காது நுனிவரை சிவந்து போகும்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கெஸியா பர்டி.

கெஸியா துணி தைக்கிறவள். அவளுக்கென்று வீடு கிடையாது. ஒரு வீட்டுக்கு வந்து ஒரு வாரமோ பத்து நாளோ தங்குவாள். குடும்பத்துக்கு வேண்டிய கோட்டு, கால்சட்டை, பாவாடை எல்லாம் தைத்துக் கொடுப்பாள். முடிந்ததும் கத்திரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பாள். எந்த வீட்டில் வாய் நீளமோ, எந்த வீட்டில் சூப்பில் தண்ணீர் ஜாஸ்தியோ, அந்தப் பக்கம் மறு வருஷம் எட்டிப் பார்க்க மாட்டாள். எவ்வளவு பெரிய வீடானாலும் சரி. "எனக்குப் பிடிச்ச வீட்டுக்குப் போவேன், பிடிக்கலன்னா கிளம்பிருவேன். ஆளுநருக்குக் கூட இந்தச் சௌகரியம் கிடையாது" என்று கன்னத்தில் குழி விழச் சிரிப்பாள்.

அந்த நடைக்கெல்லாம் செருப்பு லெமுவல் தைத்தது. வருஷா வருஷம் குளிர் தொடங்குமுன் ஒரு புது ஜோடி தைத்து வைத்திருப்பார். அளவே எடுக்க மாட்டார். இடது பாதம் கொஞ்சம் அகலம் என்பது அவர் கைக்கே தெரியும். முப்பது வயதில் ஒருதரம், ஐம்பது தாண்டி ஒருதரம், செருப்பைக் கொடுக்கிற சாக்கில் கல்யாணத்துக்குக் கேட்டும் பார்த்துவிட்டார்.

"உன் வீட்டு அடுப்பு புகையுமே லெமுவல். ஒரே வீட்ல காலம் பூரா உக்காந்து கண்ணு எரியணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள் இரண்டு தடவையும். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போய் அந்தப் புகைபோக்கியைப் பிரித்துக் கட்டினார். பாவி மனுஷனுக்குத் தோல் வேலை வந்த அளவுக்குச் செங்கல் வேலை வராது. முன்னைவிட அதிகமாகப் புகைந்தது.

லெமுவலின் வாழ்க்கையில் இன்னொரு முக்கியமான ஆள் ஜட்ஜ் வெதரல். இங்கிலாந்து ராஜாவைத் துரத்திவிட்டு மாகாணத்துக்கு அரசியல் சட்டம் எழுதிய சபையில் உட்கார்ந்தவர், தலைநகரில் பெரிய பெரிய ஆட்களை எதிர்த்துப் பேசியவர். பொது வேலைக்கு அலைந்ததில் சொந்த நிலமெல்லாம் கரைந்து, இப்போது மருமகன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார். கை நடுங்கும். அதனால் காலையில் லெமுவல் போய் அவருக்குச் சவரம் செய்துவிடுவார். காசுக்கில்லை, மரியாதைக்கு.

ஜட்ஜ் ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். சுதந்திரம், அரசாங்கம், மனித சுபாவம், மூன்றையும் பற்றி. எழுதுமுன் எல்லாவற்றையும் லெமுவலிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார், முகம் நிறைய சோப்பு நுரையோடு.

"மனுஷனுக்கு முதல் சொந்தம் அவன் வயிறுதான், லெமுவல். இத மறந்துட்டு சட்டம் எழுதினா அது ஒரு மழைக்குத் தாங்காது."

"தாடைய ஆட்டாதீங்க ஐயா. கத்தி இருக்கு."

"அதிகாரம் எவன் கைல போனாலும் அவன் கொஞ்சம் கெட்டுத்தான் போவான். அதனால அத நறுக்கி ஆளுக்கொரு துண்டா கொடுக்கணும். ஒருத்தன் கைல முழுசா இருக்கவே கூடாது."

"இப்ப முழுசா என் கைலதான் இருக்கு. மூக்கத் தூக்குங்க."

ஜட்ஜ் குலுங்கிச் சிரிப்பார். லெமுவல் கத்தியை எட்டப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ஒருநாள் ஜட்ஜ் இப்படித்தான் சொன்னார்: "மாட்டேன்னு சொல்ல வழி இல்லாதவன் சொல்ற சரி இருக்கே, அது சம்மதமே இல்ல. ராஜா நம்மகிட்ட அந்தச் சரியத்தான் வாங்கிட்டு இருந்தான்." அந்தப் பேச்சு லெமுவலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார். அப்படிப் பார்த்தால் இந்த ஜில்லாவிலேயே கெஸியாவுக்குத்தான் சுதந்திரம் அதிகம் என்று அவருக்குத் தோன்றியது. அவளிடமிருந்து 'மாட்டேன்' என்பதை இரண்டு தரம் கேட்டு வாங்கியவர் ஆயிற்றே.

அந்த வருஷம் பனி சீக்கிரமே விழுந்தது. லெமுவல் செருப்பைத் தைத்து வைத்துவிட்டார், கொடுப்பதற்குள் விபரீதம் நடந்துவிட்டது. சத்திரத்துப் படியில் கெஸியா வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். சத்திரக்காரம்மா பனிக்காலம் முழுக்க அடுப்பங்கரைக்குப் பக்கத்து அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கையிருப்பெல்லாம் வைத்தியருக்குப் போயிற்று. எலும்பு கோணலாகச் சேர்ந்தது. இனி நடக்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். உறவு என்று சொல்ல யாரும் கிடையாது. பிப்ரவரியில் சத்திரக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊர்ப் பொறுப்பாளர்களிடம் போய்ச் சொன்னாள், இனிமேல் என்னால் முடியாது என்று.

நாதியற்றவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருந்தது. சொல்லவே வாய் கூசுகிறது. மார்ச் கூட்டத்தில் ஏலம் விடுவார்கள். மாட்டை ஏலம் விடுவதற்கு நேர் எதிர்: யார் ஊரிடம் குறைவாகக் காசு கேட்கிறார்களோ, அவர்கள் வீட்டுக்கு ஒரு வருஷம். சோறு போட்டு வேலை வாங்கிக்கொள்ளலாம். போன வருஷம் ஒரு கிழவரை மாவு ஆலைக்காரர் ஆசாப் கிராஃப்ட் இப்படி எடுத்துக்கொண்டு போனார். ஆலைப் பரணில் படுக்க வைத்தார். கிழவர் அடுத்த வசந்தத்தைப் பார்க்கவில்லை. அதே ஆசாப் இப்போது சத்திரத்தில் உட்கார்ந்து, "காலு போனா என்ன, தைக்கக் கை ரெண்டும் இருக்கில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டவுடன் லெமுவல் தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே போட்டார். அந்தச் செருப்பு ஜோடியைத் தூக்கிக்கொண்டு கெஸியாவின் அறைக்கு ஓடினார்.

"கெஸியா, என்னைக் கட்டிக்க. இன்னிக்கே பாதிரியாரக் கூட்டிட்டு வரேன்."

கெஸியா தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "எதுக்கு இப்ப?"

"எதுக்கா? ஆசாப் வீட்டுப் பரணுக்கா போகப் போற?"

"இதே வார்த்தைய நான் நடந்துட்டிருந்தப்ப ஒழுங்கா கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே! ரெண்டு தடவ கேட்டேனே!"

"அப்ப நடந்துட்டிருந்தேன், எனக்கு எதுக்குப் புருஷன்?" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்புறம் கண் கலங்கிவிட்டது. "இங்க பாரு லெமுவல். பரணா, புருஷனான்னு கேட்டா எவளும் புருஷன்னுதான் சொல்லுவா. அப்படிச் சொல்லிட்டு உன் வீட்ல வந்து உக்காந்தா, ஒவ்வொரு நாளும் உன் மூஞ்சியப் பாத்து, இவன் பாவம் பாத்தானா, நான் பயந்து வந்தேனான்னு யோசிச்சிட்டே இருப்பேன். உனக்கும் அந்த யோசனை வரும். வராம இருக்காது. அது வேண்டாம்ப்பா, நம்ம ரெண்டு பேருக்கும் வேண்டாம்."

"சரி, ஏலத்துல நானே கேக்கறேன். என் வீட்டுக்கே வா."

"நீ ஏலத்துல எடுத்தவளா உன் வாசப்படி ஏறினேன்னா, அதுக்குப் பரணே மேல்" என்றாள். சட்டையை மறுபடி எடுத்து ஊசியைக் குத்தினாள். லெமுவல் செருப்பைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வந்துவிட்டார். வழியில் நின்று, மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். அவள் பேச்சில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லையே என்றுதான் அழுகை.

மறுநாள் சவரம் செய்யும்போது ஜட்ஜிடம் கேட்டார். ஏலம் நடத்துகிற சபைத் தலைவர் ஜட்ஜேதான். அந்த ஏலச் சட்டத்தை முப்பது வருஷத்துக்கு முன் எழுதிக் கொடுத்தவரும் அவரே.

"ஐயா, இந்த ஒரு தடவ நிறுத்தக் கூடாதா?"

ஜட்ஜ் கத்தி பிடித்த கையைத் தடுத்தார். "கெஸியா எனக்கும் கோட்டு தைச்சவதான், லெமுவல். ஆனா தெரிஞ்சவங்களுக்காக ஒருத்தன் சட்டத்த வளைச்சா அப்புறம் அது சட்டம் இல்ல, அவனோட ஆசை. தன் ஆசைப்படி ஆட்சி பண்ணின ராஜாவத்தானே நாம துப்பாக்கி எடுத்துத் துரத்தினோம்?"

"அப்ப ஏன் ஐயா அப்படி ஒரு சட்டத்த எழுதினீங்க?"

"அடுத்தவங்க வயித்த ஒருத்தன் ஏத்துக்கணும்னா அவனுக்கு ஆதாயம் இருக்கணும். இல்லாட்டி தெருவுல விட்டுடுவான். மனுஷ சுபாவம் அது. ஏலத்துல தனக்கு நஷ்டம் வர்ற அளவுக்கு எவனும் இறங்க மாட்டான்னு நம்பி எழுதினேன்." குரல் கம்மிவிட்டது. "அந்தக் கிழவர் செத்ததுலேர்ந்து எனக்கும் தூக்கம் சரியா இல்ல."

லெமுவல் கை வழுக்கியது. ஜட்ஜின் கன்னத்தில் இதுவரை இல்லாத ஒரு ரத்தக் கோடு. லெமுவல் துண்டை எடுத்து ஒற்றினார்.

கூட்டத்தன்று கோயில் முழுக்க ஆம்பளைகள். உள்ளே அடுப்பு கிடையாது, வாயைத் திறந்தால் ஆவி பறக்கிறது. ஏலத்துக்கு உரியவர் நேரில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். கெஸியாவை நாற்காலியோடு பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்து, கதவோரம் உட்கார வைத்திருந்தார்கள். போர்வைக்குக் கீழே அவள் பாதம் தெரிந்தது. புதுச் செருப்பு. ஓர் அடிகூட நடக்க முடியாதவள், அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். லெமுவல் அதைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொன்னாளே, அது மறந்து போயிற்று. எப்படியோ ஆசாப் வீட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும், அப்புறம் அவள் காலில் விழுந்தாவது சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று முன்னால் போய் நின்றுவிட்டார்.

ஜட்ஜ் சுத்தியலை எடுத்தார். 

"வாரத்துக்கு ஒரு டாலர்" என்றார் ஒரு விவசாயி, நல்ல மனுஷன்.

"முக்கால்" என்றார் ஆசாப்.

"அரை" என்றார் லெமுவல்.

"ஓஹோ, செருப்புக்கார ஐயா பெரிய ஆளாயிட்டாரு! கால்."

விவசாயி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். லெமுவல் கெஸியா பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் தைரியம் போய்விடும். "எனக்கு ஊர்க்காசே வேண்டாம். சும்மாவே பாத்துக்கறேன்."

கூட்டம் சலசலத்தது. ஆசாப் எழுந்து நின்றார். "அட, நானும் சும்மாவே பாத்துக்கறேன்யா. தையல் வேலை ஒண்ணுலயே எனக்கு அதுக்கு மேல கிடைக்கும். யாருக்கு யாரு விட்டுக் கொடுக்கறது?"

"அப்ப நான் ஊருக்குக் காசு கட்டறேன்!" என்று லெமுவல் கத்தினார். வாழ்நாளில் அவர் கத்திக் கேட்டவர் கிடையாது. "வருஷம் முழுக்க மணியடிக்கிற கூலி எனக்கு வேண்டாம். எம் பசுவையும் ஓட்டிட்டுப் போங்க. ஊருக்கே செருப்பு சும்மா தைச்சுத் தரேன். அந்தப் பரணுக்கு மட்டும் அவளை அனுப்பாதீங்கய்யா!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் லெமுவலையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்துக் கீறலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சுத்தியலால் மேஜையில் ஒரே ஒரு தட்டு.

"ஏலம் நின்னுது."

"யாருக்கு?" என்றார் ஆசாப்.

"யாருக்கும் இல்ல. உக்காருங்க, சொல்றேன். ஊருக்குச் சுமையா இருக்கறவங்களுக்குத்தான் இந்தச் சட்டம். நான் எழுதினது, ஒரு வரி மறக்கல. இப்ப உங்க எல்லார் முன்னாலயும் ரெண்டு பேர் எழுந்து, இந்த அம்மாவால ஒரு காசு செலவில்லன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் தையல்ல லாபமே வரும்ங்கறார். இன்னொருத்தர் பசுவையே தரேங்கறார். அப்புறம் சுமை எங்க இருக்கு? ஊர் ஒரு சுமையைக் கை மாத்தலாம். சுமை இல்லாத ஒரு மனுஷியை யார் வீட்டுக்கும் அனுப்ப இந்தச் சபைக்கு அதிகாரம் கிடையாது. ராஜாவுக்கே கிடையாதுன்னு சண்ட போட்ட ஊர் இது."

"இது சட்டத்த வளைக்கறது!" என்று ஆசாப் குதித்தார்.

"வளைக்கல. எழுதினபடிதான் படிக்கிறேன். முப்பது வருஷமா ஒழுங்கா படிக்கல, அதான் குத்தம். தப்புன்னு நினைக்கறவங்க கையத் தூக்குங்க."

ஆசாபின் கை மட்டும் உயர்ந்தது. பக்கத்தில் இருந்த அவர் தம்பியின் கை பாதி வரைக்கும் போய், தலை சொறிவதற்குத் திரும்பிவிட்டது.

ஜட்ஜ் கதவுப் பக்கம் பார்த்தார். "கெஸியாம்மா, கூட்டம் உங்க விஷயத்துல ஒண்ணும் முடிவு பண்ணல. நீங்க எங்க வேணா போலாம்."

"எங்க வேணாவா ஜட்ஜையா?"

"உங்க இஷ்டம்."

 எங்க வேணா போகலாம், சரி, ஆனால் கால் நடக்காது, கையில் காசில்லை, வெளியே பனி கொட்டுகிறது. எல்லோரும் லெமுவலைப் பார்த்தார்கள்.  இதோ, இப்போது கேட்டுவிடலாம், நாக்கு நுனியில் நிற்கிறது. கேட்டால் அதுவும் இன்னொரு ஏலக் குரல்தான் என்று அவருக்குப் புரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டார். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, தன் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, தரையையே பார்த்தார். அதைவிடக் கஷ்டமான ஒரு காரியம் அவர் செய்ததே இல்லை.

அப்போது சத்திரக்காரம்மா பெண்கள் உட்கார்ந்து பார்க்கிற மாடி வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இந்தா கெஸியா, இன்னும் ஒரு மாசம் நம்ம அறையிலயே இரேன். தைச்சுக் கொடு, தின்னுக்க. என் நெஞ்சு கேக்கல" என்றாள்.

"நானும் கோட்டுக்குத் துணி வாங்கி வச்சிருக்கேன்" என்றார் அந்த விவசாயி. "எங்க வீட்ல வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறோம், திரும்பக் கொண்டு விடறோம்."

இன்னும் இரண்டு மூன்று குரல்கள். கெஸியா எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் கன்னத்துக் குழி மெல்லத் திரும்பி வந்தது. போக இடம் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்ல முடியும்.

"லெமுவல்" என்று கூப்பிட்டாள்.

அவர் தலையைத் தூக்கினார்.

"இங்க வா. கிட்ட வா. உன் வீட்டு அடுப்பு இன்னும் புகையுதா?"

"புகையுது கெஸியா" என்றார் பாவம், உண்மையை.

"எனக்கு இப்ப அஞ்சு வீடு இருக்கு, கேட்டயா? எதுலயும் புகை கிடையாது." கையை நீட்டி அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். "இருந்தாலும் நான் உன் வீட்டுக்குத்தான் வரேன். என் வாயால, என் இஷ்டத்துக்குக் கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறயா?"

லெமுவல் தலையை மட்டும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார், கண்ணீர் தாடியெல்லாம் வழிந்தது. பாதிரியார் எழுந்து, அடுத்த ஞாயிறே கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். ஜட்ஜ் மூக்கைச் சிந்தினார்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "தலைவர் அவர்களே! பதவிகளுக்கு ஆள் போடற நேரம் வந்தாச்சு. பன்னிக் காவலர் பதவிக்கு நான் லெமுவல் ஸ்டாட் பேரச் சொல்றேன்!"

கோயில் கூரை பறந்துவிடும் போல ஒரு சிரிப்பு. நாற்பது வருஷம் காத்திருந்த சிரிப்பு ஆயிற்றே, சும்மா விடுவார்களா?

"வேற பேர் உண்டா?" என்றார் ஜட்ஜ்.

"இல்ல!" என்று ஊரே கத்தியது.

"லெமுவல் ஸ்டாட், பதவிப் பிரமாணம் எடுத்துக்க. வலது கையத் தூக்கு."

லெமுவல் தூக்கப் பார்த்தார். கை வரவில்லை. கெஸியா இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"அது என்கிட்ட இருக்கு ஜட்ஜையா" என்றாள். "விட மாட்டேன்."

சட்டத்தில் வலது கை என்றுதான் இருக்கிறது. ஊருக்கே தெரியும். ஜட்ஜ் அவர்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இடது கையத் தூக்கு" என்றார்.